அக்கா பெயரில் என் நெஞ்சு

கிழக்கு வெளுப்பதற்கு முன்பே எங்கள் கொட்டகை வெளுத்துவிடும். முப்பது பெண்கள், கல் தேய்க்கும் முப்பது மெஷின்கள். தரைக்குப் போடும் கல்பலகையின் விளிம்பில் மெஷினை வைத்து அழுத்தினால் மாவு போலத் தூசி பறக்கும். இமை, மூக்கு, பல்லிடுக்கு என்று ஓரிடம் பாக்கி இருக்காது. தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி அடங்கும். ஆனால் நனைந்த கல் காய நேரமாகிறது, லாரி காத்திருக்காது என்று முதலாளி குழாயைப் பிடுங்கி இரண்டு வருடமாகிறது.

அன்று நான் நின்றது அக்காவின் இடத்தில். அவள் போய்ச் சேர்ந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. கை வழுக்காமலிருக்க மெஷின் கைப்பிடியில் அவள் சுற்றிய பழந்துணி அப்படியே இருந்தது.

எங்கள் தெருமுனையில் குடும்ப டாக்டர் ஒருத்தர் இருக்கிறார். கிளினிக்கிலிருந்து வீடு வீடாக ஆள் வந்து பெயர் எழுதி, அங்கே காட்ட வீட்டுக்கொரு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? கிளினிக் ஒன்பதுக்குத் திறந்து ஐந்துக்கு மூடும். நாங்களோ விடியற்காலை ஐந்துக்குக் கொட்டகைக்குள் போனால் மாலை ஆறுக்குத்தான் வெளியே தலை காட்டுவோம். எங்கள் வீட்டு அட்டையை, காற்றில் ஜன்னல் அடிக்காமலிருக்க மடித்துச் செருகியிருந்தேன்.

வருடத்துக்கு ஒருமுறை மட்டும் அந்த அட்டைக்கு வேலை வரும். டாக்டரிடம் உடம்பு நன்றாயிருக்கிறது என்று சீட்டு வாங்கி வரச் சொல்லி முதலாளி அரைநாள் விடுவார். சீட்டில் நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை இருந்தால் மறுநாள் வேலை கிடையாது. அதனால் இருமலை விழுங்கக் கற்றுக்கொண்டோம்.

போன வருடம் அக்காவால் விழுங்க முடியவில்லை.

"உன் நெஞ்சு நல்லாத்தானே இருக்கு? என் பேர்ல ஒரு தடவை போயிட்டு வந்துடுடி" என்றாள்.

போனேன். டாக்டரம்மா முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து, "சுத்தமா இருக்கும்மா" என்று எழுதிக் கொடுத்தார். அவருக்கு எங்கள் முகம் எங்கே தெரியும்? சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தபோது அக்காவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அதற்குப் பிறகு எட்டே மாதம். கடைசியில் உட்கார்ந்தபடிதான் தூங்கினாள். "டாக்டர்கிட்ட போலாம்க்கா" என்று கெஞ்சினேன்.

"போனா, அன்னிக்கு வந்தது யாருன்னு கேப்பாங்க, நீ மாட்டிப்பே. உன் வேலையும் போயிடும்" என்றாள். எனக்காகப் போகாமலே இருந்துவிட்டாள்.

அன்று காலை முதலாளி உள்ளே வந்ததும் 'ரேடியோ' மெஷினை நிறுத்தினாள். வாய் ஓயாதவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். மற்ற மெஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன.

"தண்ணிக் குழாயைத் திரும்பப் போடுங்க முதலாளி. தூசிதான் அவளைக் கொன்னுச்சு."

"தூசியா?" அவர் சட்டைப் பையில் தயாராக வைத்திருந்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். "நெஞ்சு சுத்தம்னு டாக்டரே எழுதியிருக்காங்க. வீட்ல என்ன வியாதியோ, அதை என் தலையில கட்டாதீங்க."

நான் வாங்கி வந்த அதே சீட்டு. செத்த பிறகும் அக்காவுக்கு எதிராக என் நெஞ்சு சாட்சி சொன்னது.

"அது என் நெஞ்சு" என்றேன்.

"என்னது?"

"அக்கா பேர்ல நான்தான் போனேன். அவ நெஞ்சை எந்த டாக்டரும் பாக்கல."

"ஓஹோ, மோசடியா? இப்பவே வெளிய போ."

எல்லாரும் என் முகத்தில் காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன்.

"அப்ப என்னையும் அனுப்புங்க" என்றாள் ரேடியோ. "எனக்கு என் மருமக போனா."

"எனக்கு என் தங்கச்சி."

மூலையில் நின்றவள் தலையைக் குனிந்துகொண்டு, "நான் மூணு பேருக்குப் போயிருக்கேன்" என்றாள். யாரோ சிரித்தார்கள், சிரிப்போடு அழுகையும் வந்தது. கணக்குப் பார்த்தால் ஏழெட்டு நல்ல நெஞ்சை வைத்துக்கொண்டு முப்பது பேரும் காலம் தள்ளியிருக்கிறோம்!

"எல்லாரும் போங்க. நாளைக்கு வேற ஆள் வரும்" என்றார் முதலாளி.

"வரட்டும். அவங்களுக்கும் நெஞ்சு இருக்குல்ல?" என்றாள் ரேடியோ. "வாசல்லயே நின்னு சொல்லிக்கிறோம்."

ஒன்பது மணிக்கு டாக்டரம்மா கதவைத் திறந்தபோது, தூசியைக்கூடக் கழுவாமல், வீட்டிலிருந்து மஞ்சள் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு முப்பது பேரும் வரிசையில் நின்றோம். நான் முதலில் உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க அக்கா முகத்தைக்கூட நான் பாத்ததில்லையேம்மா" என்றார் பிறகு. "ஒன்பது மணிக்குத் திறந்து வெச்சுட்டு, ஏன் யாரும் வர்றதில்லைன்னு உங்களையே குறை சொல்லிட்டு இருந்தேன்."

முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். இந்தத் தடவை சுத்தம் என்று சொல்லவில்லை. இடம் மாற்றி வைத்தார். மறுபடி மாற்றினார். பேனாவை எடுத்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"இருக்கறதை எழுதுங்கம்மா" என்றேன்.

வெளியே யாரோ இருமினார்கள். அடுத்து இன்னொருத்தி. பிறகு வரிசை முழுவதும் இருமத் தொடங்கியது. ஒருத்திகூட வாயைப் பொத்தவில்லை.

"அடுத்தது யாரு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

ரேடியோ உள்ளே வந்து மஞ்சள் அட்டையை மேஜைமேல் வைத்தாள். தன் சொந்தப் பெயரைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.