விலை விழ வேண்டிக்கொண்ட சோளக்காரர்

ஊர் அவருக்கு வைத்த பெயர் சுடுதண்ணி. காலில் சுடுதண்ணியைக் கொட்டிக்கொண்டவர் போல ஓரிடத்தில் நிற்கமாட்டார். ஆனால் இந்த வாரம் அலைந்த அலைச்சலை அவர் மனைவியே பார்த்ததில்லை.

விதைப்பின்போது அரசாங்கம் மக்காச்சோள விவசாயிகளுக்கு ஆப்ஷன் என்று ஒன்றைக் கொடுத்தது. கட்டணத்தில் பெரும்பகுதியை அரசே கட்டியது. குறித்த விலைக்குக் கீழே சந்தை இறங்கினால், இறங்கிய வித்தியாசம் விவசாயிக்கு வரும்; அவர் முடிக்கச் சொல்லும் நாளின் விலைதான் கணக்கு. ஏறினால் ஒன்றும் வராது. சோளத்தைத்தான் நல்ல விலைக்கு விற்கலாமே!

"சோளத்தை விக்கிற அன்னைக்கே இதையும் முடிச்சிடுங்க. ரெண்டும் ஒரே நுகத்து மாடு," என்று திட்ட அதிகாரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

அறுவடை முடிந்ததும் விலை சரிந்தது. சுடுதண்ணி பதறிப்போய்ச் சோளத்தை விற்றுவிட்டார். ஆப்ஷனை மட்டும் முடிக்கவில்லை. இன்னும் இறங்கட்டுமே, இன்னும் கொஞ்சம் வருமே என்ற நப்பாசை.

மறுநாளே விலை ஏறத் தொடங்கியது.

சோளத்தைக் களத்தில் வைத்திருந்தவர்கள் சிரித்தார்கள். இவருக்கு மட்டும் விலை ஏற ஏற ஆப்ஷன் பணம் குறைந்தது. கைப்பேசியைப் பார்ப்பார், மூடுவார், வாசலுக்குப் போவார், திரும்பி வந்து மறுபடியும் பார்ப்பார்.

"சோளம் வெதைச்சவரே சோள வெலை விழணும்னு வேண்டுறதை இப்பத்தான் பாக்குறேன்," என்றாள் மனைவி. "மோட்டார் இருக்கா, போச்சா?"

கிணற்று மோட்டார் எரிந்து கிடந்தது. ஆப்ஷன் பணத்தில்தான் புதியது வாங்க வேண்டும்.

"நாளைக்கு எறங்கும்டி."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மைத்துனன் ஓடிவந்தான். அரசாங்கத்து வம்பே வேண்டாம் என்று திட்டத்தில் சேராதவன். விலை விழுந்தபோது சோறு இறங்காமல் கிடந்தவன்.

"மாமா! இன்னைக்கும் ஏறியிருக்கு! நான் தப்பிச்சேன்!"

"சந்தோஷம் மாப்ளே."

"என்ன மாமா, விளக்கெண்ணெய் குடிச்ச மூஞ்சியா இருக்கு? நான் பொழைச்சது புடிக்கலையா?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். சுடுதண்ணிக்குச் சுருக்கென்றது. வேலிக்கு அப்பால் அவனுடைய சோளக் குவியல் வெயிலில் மின்னியது. காலையில் பல் விளக்கும்போது அதன் விலைதான் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

சட்டென்று அதிகாரியை அழைத்தார். "முடிச்சிடுங்கம்மா. இப்பவே."

அவள் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார். "பாதி மோட்டாருக்குத்தான் வரும்."

"பாதி மோட்டாரை வச்சு பாதிக் கிணத்தை எறைக்கவா?"

மைத்துனன் தலையைச் சொறிந்தான். "மீதியை நான் போடறேன்க்கா. ஆனா தண்ணி என் வயலுக்கும் வரணும்."

அவளுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. "சரி, சோளத்தை எப்படா விக்கப்போறே?"

"என்ன அவசரம்? இன்னும் கொஞ்சம் ஏறட்டுமே!"

சுடுதண்ணி செருப்பைத் தேடினார். ஒன்றுதான் அகப்பட்டது. அதை மட்டும் மாட்டிக்கொண்டு வேலியைத் தாண்டினார்.

"சாக்கை எடு மாப்ளே. லாரிக்கு நான் சொல்றேன்."