மறதி வரிசை

பல் டாக்டரம்மா அந்த நாற்சந்தியில் மறுபடியும் வண்டியை அணைத்துவிட்டார். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுப்பதாக இல்லை. எப்பேர்ப்பட்ட கடைவாய்ப் பல்லையும் அசராமல் பிடுங்கிவிடும் கைகள் அவருடையவை. ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் வெடவெடவென்று நடுங்கின.

"அவன் அடிச்சுக்கிட்டே இருக்கட்டும், டாக்டர். நீங்க என் குரலை மட்டும் கேளுங்க. முதல்ல என்ன?"

"கிளட்ச்."

"அப்புறம்?"

"நியூட்ரல். சாவி."

"வாயால சொல்லிக்கிட்டே செய்யுங்க. அவசரமே இல்ல."

பக்கத்து இருக்கையில் இருந்தவளை அந்த வட்டாரத்தில் 'கார் டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சி வண்டி என்பதால் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆனால் ஆபத்து இல்லாதவரை அதைத் தொடமாட்டாள். கைகளை மடியில் கட்டிக்கொண்டு, கற்றுக்கொள்பவர் தடுமாறித் தடுமாறித் தானே தேறட்டும் என்று காத்திருப்பாள். அந்தப் பொறுமைக்காகவே அவளிடம் வந்து சேர்ந்தவர்கள் ஏராளம்.

வண்டி ஒருவழியாகச் சந்தியைத் தாண்டியபோது அவளுடைய போன் அடித்தது. மகளின் பள்ளி அலுவலகம்.

"உங்க பொண்ணு ஓவிய அட்டையை வீட்லயே வச்சிட்டு வந்திருக்கா. பிரேயருக்கு முன்னாடி கொண்டு வந்து குடுத்துட்டா நல்லது. இல்லன்னா வழக்கம்போல வரிசைதான்."

"டாக்டர், வண்டியை ஓரங்கட்டுங்க" என்றாள் கார் டீச்சர். அடுத்த நிமிடம் இடம் மாறி உட்கார்ந்து, பாடத்தைப் பாதியில் விட்டு, வீட்டுக்குப் பறந்தாள். சற்று முன்னால் 'அவசரமே இல்ல' என்று சொன்ன அதே பெண்தான்!

அந்தப் பள்ளியில் மறதி வரிசை என்று ஒரு ஏற்பாடு இருந்தது. புத்தகமோ வீட்டுப்பாடமோ எதை மறந்து வந்தாலும், காலைப் பிரேயரில் மேடைக்குக் கீழே, மொத்தப் பள்ளிக்கும் முகம் காட்டி நிற்க வேண்டும். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ! அவமானப்பட்டால் ஞாபகசக்தி வளர்ந்துவிடும் என்று அவனுக்கு யார் சொன்னார்களோ! அந்த வரிசையில் தினமும் அதே முகங்கள்தான் நின்றன. அதைப் பார்த்தாவது இந்த வைத்தியம் பலிக்கவில்லை என்று யாருக்கும் உறைக்கவில்லை.

மகளுக்கு அவள் அப்பா வைத்த செல்லப்பெயர் மின்மினி. எந்த விஷயத்திலும் பளிச்சென்று ஆர்வம் வரும், அடுத்த கணம் அணைந்துவிடும். குளிக்கப் போனவள் துண்டோடு நின்று பூனைக்குட்டியைக் கொஞ்சிக்கொண்டிருப்பாள். கணக்குப் புத்தகத்தைத் தேடப் போய்ப் பழைய புகைப்பட ஆல்பத்தில் மூழ்கிவிடுவாள். அதனால் அம்மாவே அவளை எழுப்பி, அம்மாவே பையை அடுக்கி, அம்மாவே பென்சிலையும் சீவி வைத்தாள். திட்டிக்கொண்டே செய்தாள், செய்துகொண்டே திட்டினாள். ஊரிலுள்ள அம்மாக்களெல்லாம் இதைப் பாசம் என்றுதான் நினைக்கிறார்கள், அவளும் நினைத்தாள்.

ஆனால் விஷயம் கைமீறிப் போய்க்கொண்டிருந்தது. 'இப்படியே போனால் அடுத்த வருஷம் இங்கே சீட் இல்லை' என்று தலைமையாசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். அதைவிட ஒன்று அவளை அரித்தது. ஒருநாள் காலை தலைவாரிவிடும்போது மின்மினி, "நான் ஒரு தண்டம்தானேம்மா" என்று சர்வசாதாரணமாகச் சொன்னாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூட அம்மாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்த வார விடுமுறையில் மகளைத் தனியாக விடமுடியாமல் பயிற்சி வண்டியின் பின்னிருக்கையில் உட்கார்த்தி வைத்தாள். அன்றும் டாக்டரம்மாதான். அன்றும் அதே சந்தி, அதே கூத்து. வண்டி அணைந்தது, மறுபடி அணைந்தது. கார் டீச்சர் முகம் கோணாமல், "முதல்ல என்ன? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். டாக்டரம்மாவை இறக்கிவிட்ட பிறகு பின்னிருக்கையிலிருந்து குரல் வந்தது.

"அவங்க எத்தன தடவ தப்பு பண்ணாங்க! நீ ஒரு தடவகூடத் திட்டலையேம்மா."

"கத்துக்கிறவங்கள யாராவது திட்டுவாங்களா, கண்ணு?"

"அப்ப நான் கத்துக்கலையா?"

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "உனக்கு எத்தன தடவ சொல்லியிருப்பேன், பையை ஒழுங்கா எடுத்து வைன்னு!"

"ஒழுங்கான்னா எப்படிம்மா? அவங்களுக்கு முதல்ல கிளட்ச், அப்புறம் சாவின்னு சொல்றே. எனக்கு எது முதல்ல, எது அப்புறம்னு யாரு சொன்னா? ஒண்ணு திட்டுறே. இல்லன்னா நீயே செஞ்சுடுறே. எனக்கு எப்படிம்மா வரும்?"

ஊராருக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்த கார் டீச்சர், தன் மகள் மட்டும் பிறக்கும்போதே எல்லாம் கற்றுக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் பையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டி, மகளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கைகள் இரண்டும் மடியில்.

"நாளைக்கு என்னென்ன பாடம்? வாயால சொல்லு."

"அறிவியல், கணக்கு, ஓவியம்."

"சரி. எதை முதல்ல எடுப்பே?"

இதுதான் அவர்கள் வழி. மின்மினி சொல்லச் சொல்ல, அவளே எடுத்து வைக்க வேண்டும். வைத்து முடித்ததும் பை வாசல் கதவோரம் போய்விட வேண்டும். பெரிய வேலை வந்தால் அதைச் சின்னச் சின்னதாக உடைத்து, முதல் துண்டை அன்றைக்கே தொட வேண்டும். நடுவில் பூனைக்குட்டி வந்தால் கொஞ்சலாம், ஆனால் "எங்க விட்டேன்?" என்று தன்னையே கேட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். சொல்வதற்குச் சுலபம். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது. கை பரபரக்கும், நாக்கு துடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்புறம்?" என்பாள். தினசரி ஒரே கேள்வி. நாளாக ஆக அந்தக் கேள்வியை மின்மினி தனக்குத் தானே முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. முன்பென்றால் அம்மா ஓடிப்போய்க் காப்பாற்றியிருக்கக்கூடிய நாட்களிலும் இப்போது மறதி வரிசைதான். ஒருநாள் பிரேயர் முடிந்த பிறகு பள்ளியிலிருந்து போன் வந்தது.

"ஜாமெட்ரி பாக்ஸை மறந்துட்டா. கொண்டு வர்றீங்களா?"

"வரமாட்டேன்" என்றாள் கார் டீச்சர்.

எதிர்முனையில் இருந்தவருக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "என்னம்மா சொல்றீங்க?"

"மறந்தா என்ன செய்யணும்னு அவளுக்குத் தெரியும். பக்கத்துல இருக்கறவங்ககிட்டக் கேட்டு வாங்கி, வேலையை முடிச்சுக் குடுப்பா. செய்ய விடுங்க."

மறுநாளே தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பிவிட்டார். பிரேயருக்கு மணி அடிக்கும் நேரம். மாடியறை ஜன்னலிலிருந்து மைதானம் முழுவதும் தெரிந்தது.

"பெத்தவங்களே இப்படிப் பொறுப்பில்லாம இருந்தா எப்படி?" என்று ஆரம்பித்தார். "தினமும் நீங்க பையைச் சரிபார்த்து அனுப்பணும். இல்லன்னா சீட்டைப் பத்தி நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

அதற்குள் உதவியாளர் கதவைத் திறந்து, "மேடம், பிரேயருக்கு நேரமாச்சு. உங்க கண்ணாடி மேஜை மேல இருக்கு" என்றார்.

கார் டீச்சர் சிரித்துவிட்டாள். "உங்களுக்கு ஞாபகப்படுத்த ஒரு ஆள் இருக்காங்க, மேடம். அதுக்காக யாரும் உங்களை வெளிய நிறுத்தலையே."

தலைமையாசிரியையின் முகம் சிவந்தது. ஜன்னலைக் காட்டினார். "நல்லாப் பேசுறீங்க. உங்க வளர்ப்பு எங்க நிக்குதுன்னு கொஞ்சம் எட்டிப் பாருங்க."

எட்டிப் பார்த்தாள். வரிசையின் கடைசியில் மின்மினி, முந்தின நாள் மறந்த பாக்ஸுக்காக. தலை குனிந்திருந்தது. அதற்குப் பிறகு அந்த அறையில் நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. விறுவிறுவென்று படியிறங்கினாள், மைதானத்தைக் குறுக்கே கடந்தாள், மகளுக்குப் பக்கத்தில் போய் மொத்தப் பள்ளியையும் பார்த்து நின்றுகொண்டாள்.

"அம்மா! என்ன பண்றே?"

"நிமிந்து நில்லு, கண்ணு. இது என் இடம்."

மைதானம் சலசலத்தது. யாரோ சிரித்தார்கள், பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. தலைமையாசிரியை மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"என்ன நாடகம் இது? இது மறந்தவங்க நிக்கிற வரிசை!"

"அதனாலதான் நிக்கிறேன், மேடம். இவ ஒரு பாக்ஸைத்தான் மறந்தா. நான் இத்தன வருஷமா இவளுக்குச் சொல்லிக் குடுக்கவே மறந்துட்டேன். பெரிய மறதி என்னோடதுதானே? சொல்லிக் குடுக்க மறந்தவங்க வேற யாராவது இருந்தா அவங்களும் வரட்டும்."

ஆசிரியர்கள் பக்கமிருந்து கணக்கு மிஸ் தயங்கித் தயங்கி வந்து வரிசையில் நின்றார்.

"நானும்தான், மேடம்" என்றார் கம்மிய குரலில். "மணி அடிச்சப்புறம் அவசர அவசரமா வீட்டுப்பாடம் சொல்லிட்டு ஓடுறவ நான். பிள்ளைங்க காதுல விழுந்துச்சான்னுகூட நின்னு பார்த்ததில்ல."

தலைமையாசிரியை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேடையில் மைக் முன்னால் நின்ற மாணவி பிரேயரைத் தொடங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தாள்.

"எல்லாரும் அவங்கவங்க வகுப்பு வரிசைக்குப் போங்க" என்றார் கடைசியில். மறதி வரிசைப் பிள்ளைகள் நம்பமுடியாமல் கலைந்தார்கள். கார் டீச்சர் மட்டும் நகரவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"நாளைக்கு?"

"அதைப் பேசி முடிவு பண்ணலாம்."

"பண்ணுங்க. அதுவரைக்கும் நான் தினமும் வந்து நிப்பேன். சீட்டைப் பிடுங்குறதா இருந்தா, இங்க நிக்க வச்சே பிடுங்குங்க, எல்லாரும் பாக்கட்டும்." அவள் அங்கேயே காலை ஊன்றி நின்றாள். "பிள்ளைங்க மறக்கறது குத்தமில்ல, மேடம். அவங்களுக்குப் பதிலா நாமளே செஞ்சு குடுக்கறதும் உதவியில்ல, நிக்க வச்சு அவமானப்படுத்தறதும் பாடமில்ல. யோசிக்கவும், திட்டம் போடவும், ஆரம்பிச்சதை முடிக்கவும் எழுத்து சொல்லிக் குடுக்கற மாதிரி பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கணும். சொல்லிக் குடுக்காததைக் கேட்டுத் தண்டிக்கிற உரிமை உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல."