எவரும் திரும்பவில்லை

பல் செட் செய்கிறவனுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். இவனுக்கு அது வேலை நேரத்தில் மட்டும்தான் இருந்தது. பகலெல்லாம் மெழுகில் கடைவாய்ப் பல் செதுக்குவான். மாலையானால் பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, பழைய போர்களைப் பற்றிக் காது கிழியப் பாடும் ஒரு பவர் மெட்டல் குழுவில் போய் நின்றுவிடுவான். பாட்டுகளை எழுதுவதும் அவன்தான். எந்தப் போர், எந்தத் தேதி, அன்று மழையா வெயிலா, பீரங்கிக்கு எத்தனை குண்டு மிச்சம் என்று ஒன்று விடாமல் தேடி எடுப்பான். அதனால் குழுவில் அவனுக்குப் ‘புள்ளிவிவரம்’ என்று பெயர்.

வேறொரு குழு, குளிர்காலப் போரில் கோடைக்காலச் சீருடையைப் பாடிவிட்டது என்று மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியவன் இவன். பதில் வரவில்லை. வராததையும் தன் வெற்றியாகவே எடுத்துக்கொண்டான். இப்படிப்பட்டவனுக்குத்தான் ஒரே ஒரு வினைச்சொல் வினையாக வந்து சேர்ந்தது.

ஊருக்கு வெளியே ஆற்றுப் பாலத்தடியில் ஒரு கல் இருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் நடந்த போரில், அந்தப் பாலத்தை மூன்று நாள் விடாமல் பிடித்துவைத்திருந்த வீரர்களுக்காக நட்டது. ‘முப்பத்தொன்பது பேர் நின்றார்கள். எவரும் திரும்பவில்லை’ என்று அதில் வெட்டியிருக்கும். புள்ளிவிவரம் அதைப் படித்த அன்றே பல்லவி கிடைத்துவிட்டது. ‘எவரும் திரும்பவில்லை’ என்று பாடகன் உச்சிக்குப் போய் அந்தக் கடைசி ‘லை’யைப் பன்னிரண்டு விநாடி பிடிப்பான். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் டிரம்ஸ்காரர், குழந்தைகளிடம் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் காலால் மிதிக்கும் டபுள் பெடலில் காட்டுவார். கூட்டம் கையை உயர்த்திக்கொண்டு கூடவே கத்தும். மூன்று வருடமாக ஒவ்வொரு நினைவு நாளுக்கும் விளையாட்டு மைதானத்தில் அந்தப் பாட்டுதான். வருகிற சனிக்கிழமை ஐம்பதாம் ஆண்டு விழா. நாலாயிரம் பேர் வருவார்கள் என்று பேச்சு.

செவ்வாய்க்கிழமை காலை, பல் செட் கூடத்துக்கு ஒரு அம்மா வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். கையில் ஒன்றுமில்லை, முகத்தில் மட்டும் ஏதோ முடிவோடு வந்த தெளிவு இருந்தது.

“பாட்டு எழுதுற தம்பி நீங்கதானா?”

“ஆமாம்மா. பல் செட்டுக்குன்னா முதல்ல டாக்டர்கிட்ட அளவு எடுத்துட்டு…”

“என் பல்லெல்லாம் என்னோடதுதான். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். முப்பத்தொன்பது பேர்ல ஒருத்தரும் திரும்பலன்னு பாடுறீங்களே, அப்போ நாப்பத்தஞ்சு வருஷமா நான் யாரோட குடித்தனம் நடத்துறேன்?”

புள்ளிவிவரத்துக்கு மெழுகுக் கத்தியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

அந்த அம்மா இரண்டு தெரு தள்ளி சலவைக்கடை வைத்திருப்பவர். அவர் வீட்டுக்காரர் பாலத்தில் நின்ற முப்பத்தொன்பதாவது ஆள். மூன்றாம் நாள் குண்டு வெடித்து நினைவிழந்து கிடந்தவரை எதிரிகள் பிடித்துப் போனார்கள். நாலு வருடம் கழித்து விட்டார்கள். வீடு வந்து சேர்ந்தார், கல்யாணம் செய்துகொண்டார், கடையில் துணிகளுக்குப் பொத்தான் தைக்கிறார்.

“ஆனா கல்லுல அப்படித்தானே…” என்று இழுத்தான்.

“கல்லுல இருக்கறது சரிதான். பின்வாங்கலன்னு அர்த்தம். அதை வெட்டும்போது அவரும் பக்கத்துல நின்னுட்டுதான் இருந்தாரு. நீங்கதான் ரெண்டாவது சரணத்துல முப்பத்தொன்பது வீட்டுலயும் கதவு திறக்கலன்னு எழுதி, மொத்தமா சாகடிச்சிட்டீங்க.”

அவர் குரலை உயர்த்தவில்லை. கறையைக் காட்டி, இது போகும், இது போகாது என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற குரல்தான்.

“தெனமும் கடை வாசல்ல நாற்காலி போட்டு உட்காருவாரு. போன மாசம் எதிர்வீட்டுப் பொண்ணு, ஏழு வயசு, வந்து கேட்டுச்சு. பாட்டுல எல்லாரும் செத்துட்டாங்களே, நீங்க மட்டும் ஓடி வந்துட்டீங்களான்னு. அன்னிக்கு நாற்காலியை மடிச்சு உள்ள வச்சவருதான். சனிக்கிழமை விழாவுக்கும் வரமாட்டாராம். இத்தனை வருஷத்துல ஒரு தடவை தவறினதில்ல. தம்பி, அவர் வெளிய வரணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

அவர் போன பிறகு புள்ளிவிவரத்துக்கு அன்று ஒரு பல்லும் ஒழுங்காக அமையவில்லை. வெட்கமாக இருந்தது அவனுக்கு. மூன்று நூலகம் ஏறி இறங்கியிருக்கிறான். அந்தப் பாலத்தின் அகலம் எத்தனை அடி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். இரண்டு தெரு தள்ளி ஒரு கதவைத் தட்டத் தெரியவில்லை.

பாடகன் ரொட்டிக்கடைக்காரன். அவன் கடைக்குப் பின்னால் இருக்கும் கிடங்கில்தான் ஒத்திகை. சுற்றிலும் அடுக்கிய மாவு மூட்டைகள் பாதிச் சத்தத்தை விழுங்கிவிடும், மீதியை அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொண்டார்கள். அன்று மாலை புள்ளிவிவரம் நடந்ததைச் சொன்னதும் பாடகன் ஒற்றைக் காலில் நின்றான்.

“பாவம்தான்டா. நான் இல்லங்கல. ஆனா அந்த ‘லை’யை எடுத்துட்டா அப்புறம் பாட்டுல என்ன இருக்கு? உன் புள்ளிவிவரத்தைக் கேக்கவா அவ்வளவு பேர் வர்றாங்க?”

“லையை எடுக்க வேண்டாம்” என்றான் புள்ளிவிவரம். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருந்தான். “‘எவரும் திரும்பிப் பார்க்கவில்லை’ன்னு பாடுவோம். வீரத்துக்கு வீரமும் ஆச்சு, அவரும் உயிரோட இருப்பாரு.”

கிட்டார் வாசிப்பது புள்ளிவிவரத்தின் மனைவியின் அண்ணன், ஃப்ரிட்ஜ் ரிப்பேர்காரர். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். “ரெண்டு அசை கூடுது மாப்ளே. பரவாயில்ல, நான் கொஞ்சம் தள்ளி நுழைஞ்சிடுறேன்.” பாடிப் பார்த்தார்கள். பழசைவிட நன்றாகவே இருந்தது. பாடகன் பெருந்தன்மையோடு எல்லாருக்கும் ஆளுக்கொரு பன் கொடுத்தான்.

மறுநாள் மதியம், திருத்திய பாட்டை வெள்ளைத்தாளில் அழகாக எழுதி எடுத்துக்கொண்டு புள்ளிவிவரம் சலவைக்கடைக்குப் போனான். மன்னிப்புக் கேட்கத்தான் போனான். கொஞ்சம் பாராட்டும் கிடைக்கும் என்ற நினைப்பு உள்ளுக்குள் இல்லாமலில்லை. அந்த அம்மா கீழே வாடிக்கையாளரோடு இருந்தார். மாடிக்குக் கையைக் காட்டினார்.

மாடி அறையில் ஈரத்துணியின் சூடு. ஜன்னலோரம் ஒல்லியான மனிதர் ஒருவர் மடியில் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தகர டப்பா நிறையப் பொத்தான்கள். வந்தவன் யார் என்று தெரிந்ததும் லேசாகச் சிரித்தார்.

“பாட்டு நல்லாருக்கு தம்பி. சத்தம்தான் ஜாஸ்தி.”

“தப்பு பண்ணிட்டேன் ஐயா. மாத்தி எழுதிக் கொண்டுவந்திருக்கேன்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கினார். வரிவரியாக விரலை வைத்துப் படித்தார். பல்லவிக்கு வந்ததும் விரல் நின்றது.

“இதுவும் தப்பு.”

“ஐயா?”

“திரும்பிப் பார்க்கலையா? மூணு நாளும் அதைத்தானே செஞ்சிட்டிருந்தோம். எதிர்ல பார்த்ததைவிட பின்னால பார்த்ததுதான் அதிகம். பின்னாலதான் ரோடு. நம்ம படை அந்த ரோட்லதான் வரணும். காலைல வந்துடுவோம்னு ரேடியோல சொன்னாங்க. எந்தக் காலைலன்னு சொல்லல.”

சட்டையைத் திருப்பி, அடுத்த பொத்தானுக்கு இடம் பார்த்தார்.

“உங்க பாட்டுல எங்களை நடத்தின சார்ஜென்ட் கர்ஜிக்கிறாரு. அவருக்குத் தொண்டை கட்டிப் போச்சு தம்பி. மூணு நாளும் கையைத்தான் காட்டினாரு. ரெண்டாம் நாள் சாயங்காலம் ஒருத்தன் தூசி தெரியுது, வண்டிங்க வருதுன்னு கத்தினான். எதிரி சுடுறான்கிறதையும் மறந்து அத்தனை பேரும் எழுந்து பார்த்தோம். வெறும் காத்து. அதுல ரெண்டு பேர் போயிட்டாங்க.”

புள்ளிவிவரத்தின் பேனா சட்டைப்பையிலேயே இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அவன் குறிப்பு எடுக்கவில்லை.

“ஏன் ஐயா வரல?”

“எனக்கெப்படித் தெரியும்? கேட்க வேண்டியவங்கள்ல நான் ஒருத்தன்தான் மிச்சம். எங்கிட்டயும் யாரும் என்ன நடந்துச்சுன்னு கேட்டதில்ல. வந்துட்டியே, அது போதும்னுட்டாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க.” ஊசியில் நூலைக் கோத்தார், முதல் தடவையிலேயே நுழைந்தது. “அந்தக் குழந்தை மேல எனக்குக் கோபமே இல்ல. ஓடி வந்தீங்களான்னு கேட்டுச்சு. இல்லன்னேன். அப்போ எப்படின்னு கேட்டுச்சு. அதுக்குப் பதில் சொல்லணும்னா முதல்லேர்ந்து சொல்லணும். நான் யார்கிட்டயும் முதல்லேர்ந்து சொன்னதில்லயே. அதான் நாற்காலியை எடுத்துட்டு உள்ள வந்துட்டேன்.”

கீழே இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டது. அவன் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

“‘எவரும் வரவில்லை’ன்னு பாடலாமா ஐயா?”

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “முன்வரிசையில பெரிய மனுஷங்கல்லாம் உட்கார்ந்திருப்பாங்க.”

“உட்காரட்டும் ஐயா.”

“அப்போ பாடுங்க” என்றார். விழாவுக்கு வருவதாகச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

சனிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் பாட்டு தொடங்கியது. சரணங்கள் மாறியிருந்தன. கர்ஜிக்கிற சார்ஜென்ட் போய், கையைக் காட்டுகிற சார்ஜென்ட் வந்திருந்தார். முதல் பல்லவியில் கூட்டம் பழக்க தோஷத்தில் ‘திரும்பவில்லை’ என்றே கத்தியது, மேடையில் ஒன்று, மைதானத்தில் ஒன்று என்று கந்தரகோளமாகிவிட்டது. இரண்டாவதில் பாதிப் பேர் பிடித்துக்கொண்டார்கள். கடைசிப் பல்லவி வருவதற்குள் பின்னால் இருக்கிற ரோட்டைப் பற்றியும் வெறும் காற்றைப் பற்றியும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ‘எவரும் வரவில்லை’ என்று நாலாயிரம் பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். பாடகன் அந்த ‘லை’யைப் பன்னிரண்டு விநாடியும் தாண்டிப் பிடித்தான். முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதரின் கை தொடைமேல் நின்றுபோனது.

புள்ளிவிவரம் பேஸை விடாமல் வாசித்துக்கொண்டே கூட்டத்தைத் துழாவினான். ஒலி அமைப்பாளரின் மேசைக்குப் பக்கத்தில், ஓரமாகக் கிடந்த ஒரு பெஞ்சில் அந்த முப்பத்தொன்பதாவது ஆளைக் கண்டான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. பக்கத்தில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரர் பாடவில்லை, கையும் தூக்கவில்லை. உதடு மட்டும் ஒரு முறை அசைந்தது. அதைப் பார்த்து இவன் ஒரு சுரத்தைத் தவறவிட்டான். மச்சான் திரும்பி முறைத்தார்.

வாசித்து முடித்து இறங்கியவன் நேராக அங்கே போனான். அந்த அம்மா அவனைப் பாதி வழியிலேயே நிறுத்தினார்.

“வந்துட்டாரு பாத்தீங்களா. சாயங்காலம் அவராவே சட்டையை எடுத்து மாட்டினாரு.” அப்புறம் குரல் தணிந்தது. “தம்பி, ‘வரவில்லை’ன்னு மாத்திட்டீங்களே. யாரு வரல?”

அவனுக்குத் தெரியும். புதன்கிழமையிலிருந்து தூங்காமல் தேடியிருந்தான். எந்தப் படைப்பிரிவு, பதினோரு மைல் தள்ளி எந்த முகாமில் எதற்காகக் காத்துக் கிடந்தது, உத்தரவு எத்தனை மணிக்கு யார் மேசையில் தங்கிவிட்டது, எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. சொல்லத் துடித்தான். எப்படியோ விழுங்கிக்கொண்டான்.

“நீங்க அவரையே கேளுங்கம்மா.”

“நான் கேட்டதே இல்ல தம்பி. கேட்டா நோகுமோன்னு கேட்காமயே இருந்துட்டேன். இத்தனை வருஷமா.”

அவர் கண் கலங்கியிருந்தது. அப்புறம் போய்ப் பெஞ்சில் தன் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மேடையில் அடுத்த குழுவினர் டிரம்ஸைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் அவர் காதோரம் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

“யாருங்க வரல?”

அவர் மனைவியை ஏறிட்டுப் பார்த்தார். “அதுக்கு முதல் நாள் காலைலேர்ந்து சொல்லணும்” என்றார்.

“சொல்லுங்க. கடையைப் பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன்.”