பவுடரின் பத்தியம்

மூன்று மாதமாகப் பவுடருக்கு உப்பில்லாத சோறுதான். சிறுநீரகம் கெட்ட நாய்க்குக் கறி ஆகாது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் சொன்னதை ஞானரத்தினம் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். தினமும் அவளே அதன் முதுகுத் தோலுக்கடியில் குளுக்கோஸ் ஏற்றினாள்.

இன்று அதே டாக்டர் ரத்தச் சோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இனிமே அது ஆசைப்படுறதைக் குடுங்கம்மா. ஊசி வேண்டாம்," என்றார்.

பத்தியத்தை எடுத்துவிட்டால் நோய் தீர்ந்தது என்றுதானே அர்த்தம்? அவளுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது, பத்தியம் முடிந்த அன்றைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் கறிக்குழம்பு சாப்பிட்டாளே! அப்படியென்றால் நாய் ஏன் இன்னும் தள்ளாடுகிறது? அடுத்து எப்போது வரவேண்டும் என்று கேட்டதற்கு அந்த மனுஷன் ஏன் மேசையைப் பார்த்தார்?

சோழபுரம் வந்து சேர்ந்ததும் ஆட்டுக்கறி எடுத்து, உப்புப் போட்டு வேகவைத்தாள். மில்லிலிருந்து வந்த கணவன் ஏசுவடியானிடம் டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"நல்ல சேதி சொல்லுதேன், எழவு விழுந்த மாதிரி நிக்கிய?"

"எங்கய்யாவுக்கும் கடைசியில இப்படித்தாம்ட்டி சொன்னாவ."

பவுடர் கறியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு அவள் விரல்களில் ஒட்டியிருந்த உப்பை மட்டும் மெல்ல நக்கியது.

"கறி வேகலபோல," என்று சொல்லி, ஞானரத்தினம் அடுப்பை மறுபடியும் பற்றவைத்தாள்.