தொட்டிக்குப் பின்னால்

கம்ப்யூட்டர் திரையில் ஒரு பச்சைப் பட்டை நேற்று மாலையிலிருந்து ஊர்ந்துகொண்டிருந்தது. லத்தீஃபா கறிக்குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்துவிட்டு வந்து பார்த்தாள், பாதி தாண்டியிருந்தது. சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தாள், அப்போதும் பாதிதான் தாண்டியிருந்தது. கோவில்பதாகையில் மத்தியான நேரத்து இணையம் இப்படித்தான், உண்ட மயக்கத்தில் நடக்கும். அவளும் அதை விரட்டவில்லை. மின்விசிறிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக இறங்கி வரும் படங்களின் பெயர்களைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை கிடையாது. மெயின் ரோட்டில் அவள் நடத்தும் ஜெராக்ஸ் கடைக்கு ஆதார், பட்டா, பரீட்சை விண்ணப்பம் என்று ஊரே வந்து போகும். அன்று ஒரு நாள் அரை நேரம் கைகளுக்கு ஓய்வு. தொழுகைக்குப் போன கணவர் நிஜாமுதீன் இன்னும் திரும்பவில்லை. திரும்பினாலும் வீட்டில் சத்தம் ஒன்றும் கூடிவிடாது. சவுதியில் ஏசி மெக்கானிக்காகப் பாதி வாழ்நாளைக் கழித்துவிட்டு, கடந்த ரம்ஜானுக்கு ஒரேயடியாக வந்து சேர்ந்த மனிதர், பேச்சை மட்டும் விமான நிலையத்தில் மறந்து வைத்துவிட்டார். சோறு போட்டால் சாப்பிடுவார். பிறகு ஜன்னலோரம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார், பஸ் வந்ததும் எழுந்து ஓட வேண்டியவர் மாதிரி. "இன்னா யோசனை?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பார். அந்த ஒண்ணுமில்லையோடு அவள் பல மாதங்களாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

அவர் பேசத் தெரிந்தவர் என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி அந்த இணையதளம்தான். கல்யாணமான புதிதில் ஆவடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டாள் லத்தீஃபா. மகள் அலீனா பிறந்ததும், பிள்ளையின் முகத்தை ஊர் பார்க்க இணையத்தில் போட அவளுக்கு இஷ்டமில்லை. அதனால் தானே ஒன்றை உருவாக்கி, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, சாவியைக் கணவருக்கு மட்டும் சொன்னாள். அதற்கு "மாடி" என்று பெயர் வைத்தாள். நாள்தோறும் மொட்டை மாடியில் ஒரு படம் எடுத்து அதில் ஏற்றுவாள். கொடியில் காயும் துணி, மழை பெய்து தேங்கிய தண்ணீரில் தெரியும் வானம், தூரத்தில் நிறைந்து கிடக்கும் ஏரி, முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் தாழப் பறக்கும் விமானம், மாடிப்படியில் அலீனா முதல் முதலாக ஏறிய மூன்றாம் படி.

போனில் பேசுவதெல்லாம் காய்ச்சல், பள்ளிக்கூடம், கரண்ட் பில். படத்துக்குக் கீழே வந்தால் அவர் வேறு ஆள். வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு படத்துக்குக் கீழும் தான் அதில் எங்கே இருக்கிறார் என்று எழுதுவார். "தொட்டிக்குப் பின்னால உக்காந்துகினு கீறேன். கேமராவுல விழல." "அந்தப் பச்சைப் பொடவ காயுது பாரு, அதுக்கு அந்தாண்ட நின்னுகினு கீறேன், காத்து அடிச்சா என் கால் தெரியும்." "மழையில நனைஞ்சுகினு நிக்கிறியே, உன் தலைக்கு மேல கொட புடிச்சிகினு கீறது யாருன்னு நெனச்ச?" ஒருமுறை வெறும் வானத்தை எடுத்துப் போட்டு, இப்போது என்ன செய்வார் பார்க்கலாம் என்று காத்திருந்தாள். "கீழ இறங்கிப் போய்ட்டேன். உனக்கு டீ போட்டுகினு கீறேன்" என்று வந்தது. லத்தீஃபா சிரித்துக்கொண்டே அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நாட்களில் அவளுக்கு வீட்டில் ஆள் இல்லை என்று தோன்றியதே இல்லை.

அந்தத் தளத்துக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனி இப்போது கடையைக் கட்டுகிறது. அவரவர் பொருளை அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று மெயில் வந்திருந்தது. அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். பெயர்கள் நகர நகர அவளுக்குக் கண் சொருகியது. திரையில் ஓடுவது பெயர்கள்தான் என்றாலும் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மாடிகள். வெயில் மாடி, ஈர மாடி, வடாம் காயும் மாடி, பெருநாள் பிறை பார்க்க ஏறிய மாடி. எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் ஒளிந்துகொண்டு மெல்ல இருமுவது கேட்டது. நீலக் கைலி ஒன்று தொட்டி மறைவில் போயிற்று. அவள் பின்னாலேயே போனாள். தொட்டியைச் சுற்றச் சுற்ற தொட்டியும் நீண்டுகொண்டே போனது.

கம்ப்யூட்டர் மணி அடித்தது. விழித்துப் பார்த்தால் பச்சைப் பட்டை கடைசிவரை போய்ச் சேர்ந்திருந்தது. போல்டரைத் திறந்து பார்த்தாள். எல்லாப் படமும் வந்திருந்தது. மனசு நிறைந்துபோயிற்று.

அடுத்து அவள் கை செய்ததை மனசு யோசிக்கவே இல்லை. கடையில் யாராவது ஆதார் அட்டை நகல் எடுத்துக்கொண்டு படியிறங்கும்போதே, அந்த ஃபைலை அவள் அழித்திருப்பாள். அடுத்தவர் முகமும் விலாசமும் தன் மிஷினில் ஒரு நிமிஷம்கூடக் கிடக்கக் கூடாது. ஊரில் அவள் கடைக்கு இருக்கும் மரியாதையே அதனால்தான். தன் வீட்டுப் பெண்ணின் படங்கள் மட்டும் மூடப்போகிற ஒரு கம்பெனியின் மிஷினில் கிடக்கலாமா? உள்ளே போய், தளத்தையும் கணக்கையும் ஒட்டுமொத்தமாக அழிக்கும் பட்டனை அழுத்தினாள். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம் என்றாள். எச்சரிக்கையாக இன்னொரு முறை கேட்டது. இவ்வளவு கேள்வியா என்று எரிச்சலோடு இன்னொரு ஆமாம் போட்டாள்.

பிறகுதான் ஆசையாக ஒரு படத்தைத் திறந்தாள். பச்சைப் புடவை காய்ந்தது. கீழே ஒன்றுமில்லை. இன்னொன்றைத் திறந்தாள். மழை, அவள் நனைகிறாள், கீழே ஒன்றுமில்லை. இன்னும் நாலைந்தைத் திறந்தாள், எதற்குக் கீழும் அவர் எழுத்து இல்லை. மகளுக்குப் போன் போட்டாள். அலீனா கல்யாணமாகிப் பூந்தமல்லியில் இருக்கிறாள், ஐடி வேலை.

"படம்லாம் இருக்கும்மா, ஃபைல்தானே எடுத்த. கமெண்ட் எல்லாம் டேட்டாபேஸ்ல இருக்கும், அது வேற எடம். அதைத் தனியா எடுக்கணும்."

"ஒரு தாளை ஜெராக்ஸ் போட்டா படமும் எழுத்தும் சேந்துதானடி வரும்?"

"இது தாள் இல்லையேம்மா. சரி, லாகின் சொல்லு, நான் எடுக்கறேன்."

லத்தீஃபா போனைக் காதில் வைத்தபடியே, காலியாகிப்போன தளத்தின் பக்கத்தைப் பார்த்தாள்.

"அம்மா? அழிச்சிட்டியா?" அலீனாவின் குரல் இறங்கியது. "மெயில் போட்டுப் பாக்கறேன். ஆனா நம்பிக்கினு இருக்காத. கடைய மூடறவன் தேடி எடுத்துத் தர மாட்டான்."

நிஜாமுதீன் உள்ளே வந்தபோது அவள் எங்கோ வெறித்திருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. அவர் பதறிப்போனார்.

"இன்னா ஆச்சு? அலீனாவுக்கு எதுனா...?"

"அவ நல்லாத்தான் கீறா. உங்களத்தான் அழிச்சிட்டேன்."

விஷயத்தை அழுகையினூடே சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, பெரிய பாரம் இறங்கியவராக மூச்சு விட்டார். "இதுக்கா? சும்மா வெளாட்டுக்கு எழுதினது லத்தீஃபா. நான்தான் நெசமாவே வந்துட்டேனே, இங்கதானே கீறேன்?"

"இல்ல," என்றாள் அவள். இத்தனை மாதமாக வாய்வரை வந்து திரும்பிய சொல். "நீங்க இங்க இல்ல. அதுலதான் இருந்தீங்க."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் ஒரு மாடி இருந்தது. வெயிலடிக்கிறது, தொட்டி, கொடி, கவிழ்த்து வைத்த பக்கெட்.

"இதுல எங்க கீறீங்க, சொல்லுங்க," என்றாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரியல," என்றார். "அங்க ரூமுக்கு வந்து இதைத் தொறந்தா, நம்ம ஊட்டு மாடியில எங்கெங்க எடம் கீதுன்னு எனக்குத் தெரியும். போய் உக்காந்துக்குவேன். இங்க நெசமாவே வந்து பாத்தா, எல்லாம் நீ வச்சது வச்சா மாதிரி நெறஞ்சு கீது. எந்த எடத்துல உக்காந்தாலும் உன்னுது எதுனா நகத்தணும் போல கீது. எங்க உக்கார்றதுன்னே தெரியல லத்தீஃபா."

அவளுக்கு நாற்காலியின் நுனியில் அவர் உட்காரும் விதம் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொண்டிருக்கிறார், பிடிக்கவில்லை போல, மறந்துவிட்டார் என்று தினம் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாளே தவிர, இது தோன்றவே இல்லை. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது, அதைவிட அதிகமாக அவர்மேல் இரக்கமாக வந்தது.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் எழுந்து, "துணி காயுது," என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார். செருப்புச் சத்தம் மேலே போயிற்று. கொஞ்ச நேரம் தலைக்கு மேல் இங்கும் அங்கும் நடந்தது, பிறகு நின்றுவிட்டது. துணியோடு அவர் இறங்கி வருவார் என்று பார்த்தாள். வரவில்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டு அவளும் ஏறினாள்.

துணியெல்லாம் கொடியிலேயே ஆடிக்கொண்டிருந்தது. ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. கண்ணுக்கெட்டியவரை மொட்டை மாடிகளும் தொட்டிகளும் சாம்பல் வெளிச்சத்தில் மிதந்தன. நிஜாமுதீனைக் காணோம். அவள் எப்போதும் தொட்டிக்கு முன்னால் கவிழ்த்து வைக்கும் பக்கெட்டையும் காணோம்.

"எங்க கீறீங்க?" என்றாள்.

தொட்டிக்குப் பின்னாலிருந்து மெல்ல ஓர் இருமல் கேட்டது. அப்புறம், தொண்டையைச் செருமிக்கொண்டு, வெட்கப்பட்ட ஒரு குரல்.

"எடு, எடு. நான் அதுல விழ மாட்டேன்."

லத்தீஃபா போனை உயர்த்திப் பிடித்தாள். திரையில் தொட்டி, கொடி, மழைக்குக் கனத்த வானம். தொட்டியின் ஓரத்தில் நீலக் கைலியின் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அது தெரியக் கூடாது என்று அவள் ஓர் அடி தள்ளி நின்றாள். காற்று அடித்தது. கைலி முனை படபடத்துக்கொண்டு மறுபடி படத்துக்குள் வந்தது.