பத்துப் பத்தாய் எண்ணும் மேடை

லாரிகளை எடை போடும் மேடையில் அவளுக்கு வேலை. கண்ணாடி அறைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு நாளெல்லாம் ஒரே கத்தல்தான். "கிளீனர் இறங்கு! தண்ணி கேனை இறக்கு! காலி எடைன்னா காலி எடை!" எப்பேர்ப்பட்ட முரட்டு டிரைவரும் அவளைக் கண்டால் கப்சிப்.

அவளுக்குத்தான் தைராய்டு மந்தம். மூணு மாசத்துக்கு முன்னால் டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். மாத்திரை வெறும் வயிற்றில், டீ ஒரு மணி நேரம் கழித்து, தட்டில் பாதி காய்கறி, சோறு கொஞ்சம், தினமும் நடை. "மெதுவாத்தான் குறையும்மா, மனசை விட்டுடாதீங்க." அவளும் வாயைக் கட்டினாள். "துணைக்கு நானும்" என்று புருஷனும் கட்டினான். அங்கேதான் வந்தது வினை.

அந்த மனுஷன் ஒரே மாசத்தில் நாலு கிலோ இறங்கிவிட்டான்! பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடமாட்டம். இவளுக்கோ முந்நூறு கிராம், அதுவும் மறுநாளே வந்து ஒட்டிக்கொண்டது. "அதே கீரை, அதே முட்டை, உங்களுக்கு மட்டும் எப்படிங்க கரையுது?" என்று பொருமி, வீட்டு எடை மெஷினைத் தூக்கிப் பரணில் போட்டாள். இனி லாரி மேடை சொல்வதுதான் தீர்ப்பாம்.

அந்த மேடைக்குச் சில்லறையே தெரியாது. பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். எழுபத்தைந்தைத் தொட்டாலே எண்பது என்று அடித்துச் சொல்லும். மதியம் வண்டிகள் ஓய்ந்ததும் தினமும் ஏறி நின்று வெளிப் பலகையைப் பார்ப்பாள். எண்பது. மறுநாளும் அதே எண்பது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாக்டரம்மாவிடம் போகணும். "இன்னிக்கும் எண்பதுன்னா போதும்டா சாமி! மாத்திரையை மட்டும் போட்டுக்கிட்டு இஷ்டத்துக்குத் திங்கப் போறேன்" என்று காலையில் புருஷனிடம் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். உள்ளுக்குள் அழுகைதான் முட்டியது. என்ன செய்தாலும் இந்த உடம்பு என் பேச்சைக் கேட்காதோ என்று பயம்.

மதியம் ஏறினாள். எண்பது.

போச்சு. தலையைத் தொங்கப்போட்டு இறங்கப்போனவளை, நிழலில் நின்றிருந்த மீசைக்கார டிரைவர் நிறுத்தினார். காலையில்தான் அவரிடம் கத்தி, தண்ணி கேனோடு மாற்றுச் சக்கரத்தையும் இறக்க வைத்திருந்தாள். "அக்கா, இடுப்புல என்ன?"

சாவிக்கொத்து. கேட், குடோன், ஆபீஸ் என்று முப்பது சாவி.

"கையில?"

செல்போன், தண்ணி பாட்டில்.

"நல்லா இருக்கே நியாயம்! எங்களை மட்டும் சக்கரத்தைக்கூட இறக்கச் சொல்றீங்க. காலி எடைன்னா காலி எடை!"

அட, ஆமாம்! இத்தனை நாளும் பாரத்தோடுதான் ஏறியிருக்கிறாள். சாவி, போன், பாட்டில், செருப்பு எல்லாவற்றையும் அவர் கையில் திணித்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடி ஏறினாள். திறந்தாள்.

எழுபது.

"ஐயோ! ஐயையோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் குடோன் ஆட்கள் யாரோ அடிபட்டதாக நினைத்து ஓடிவந்தார்கள். அவள் மேடைமேல் குதித்துக்கொண்டிருந்தாள். பலகையில் எண்கள் பைத்தியம் பிடித்து ஓடின. மீசைக்காரரை அறைக்குள் அனுப்பி, தான் நின்றபடியே எடைச் சீட்டும் அடிக்க வைத்தாள். வண்டி எண் இல்லை. காலி எடை எழுபது.

சாயங்காலம் டாக்டரம்மா மெஷினில் எழுபத்து நாலரை. "மூணு மாசத்துல ஒன்றரை கிலோ குறைஞ்சிருக்கு. ரத்தத்துலயும் தைராய்டு அளவு சரியா வந்திருக்கு. நல்லாப் பண்றீங்கம்மா."

"பத்து கிலோ, டாக்டர்!" என்று சீட்டை நீட்டினாள். விஷயத்தைக் கேட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

வெளியே வந்ததும் கூட வந்திருந்த புருஷன் நைசாகக் கேட்டான். "அப்போ... இஷ்டத்துக்குத் திங்கிற திட்டம்?"

"அடுத்தது அறுபதுங்க."

"இந்த வேகத்துல போனா ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆகுமே!"

"ஆகட்டும். உடம்பு என் பேச்சைக் கேட்குதுங்க. மெதுவாக் கேட்குது, ஆனா கேட்குது" என்றாள். கண் கலங்கிவிட்டது.

அவன் ஒரு கையால் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினான். இன்னொரு கை பேன்ட்டில் இருந்தது.

"சரி, அப்போ முதல்ல எனக்கு ஒரு பெல்ட் வாங்கு."