அவரவர் விருப்பம்

அந்தத் தாளைப் பொன்னாத்தாள் ஏழாவது தடவையாக வாசித்தாள். பயிர்மருந்துக் கம்பெனிக்காரர்கள் வழவழப்பான காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்த பயணத் திட்டம். மூன்று இரவு, நான்கு பகல், பாங்காக். ஓரத்தில் ஒரு யானைப் படம், பக்கத்தில் தங்கக் கோபுரம். முதல் நாள் வரவேற்பு, இந்தியச் சாப்பாடு. இரண்டாம் நாள் காலை புத்தர் கோயில், மாலை ஆற்றில் படகு. மூன்றாம் நாளுக்கு எதிரே மட்டும் இரண்டே வார்த்தை: அவரவர் விருப்பம். யார் தமிழ்ப்படுத்தினார்களோ, நன்றாக இருக்கட்டும். விடிந்ததில் இருந்து படுக்கிற வரைக்கும் ஒரு முழு நாள், அவரவர் விருப்பம். உலை பொங்கி வழிந்து அடுப்பை அணைத்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அவள் புருசன் கோட்டைச்சாமிக்குக் கம்பத்தில் உரக்கடை. வீடு சுருளிப்பட்டியில். இந்த வருசம் ஆடிச் சாரல் விடாமல் அடித்ததில் திராட்சைக் கொடியெல்லாம் அடிச்சாம்பல் நோய் விழுந்து, தோட்டக்காரர்கள் மருந்து மருந்தாக வாங்கித் தெளித்தார்கள். அவர்களுக்குப் பழம் போனது, இவருக்கு விற்பனை டார்கெட் நிறைந்தது. டார்கெட்டை எட்டிய கடைக்காரர்களைக் கம்பெனி கார்த்திகை இருபதாம் தேதி பாங்காக் கூட்டிப் போகிறது. ஒரு கடைக்கு ஒரு டிக்கெட். பொண்டாட்டிக்கு எல்லாம் கிடையாது. நாற்பத்தெட்டு வயது வரை மதுரையைத் தாண்டினால் திருப்பதி என்று இருந்த மனிதர், பாஸ்போர்ட் வந்த அன்று அதைப் பெட்டிக்கடைக்காரரில் இருந்து பஞ்சாயத்துத் தலைவர் வரை காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

அவர் சந்தோசப்படுவதில் பொன்னாத்தாளுக்கு ஒரு குறையும் இல்லை. பயம்தான் இருந்தது. போன வைகாசியில் சின்னமனூர்க் கல்யாணம் ஒன்றில், பந்தி நடக்கும்போது தங்கப்பாண்டியன் நாலு ஆம்பளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு முந்தின வருசத்து பாங்காக் வீடியோவைச் செல்போனில் காட்டிக்கொண்டிருந்தான். அவனும் கம்பத்தில் உரக்கடைக்காரன்தான். வெற்றிலைத் தட்டோடு பின்னால் போன பொன்னாத்தாள் கண்ணில் நாலு விநாடி பட்டது. கலர் விளக்கு எரிகிற ஒரு தெரு. தங்கப்பாண்டியன் கை ஒரு பெண்ணின் தோளில் கிடந்தது. அந்தப் பிள்ளைக்கு, மதுரையில் காலேஜ் படிக்கிற பொன்னாத்தாளின் மகள் ஓவியா வயசுதான் இருக்கும். இரண்டு வரிசை தள்ளி அவன் பொண்டாட்டி விஜி, பாயசம் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பந்தியில் விஜியைத் தவிர எல்லோருக்கும் விசயம் தெரியும். அன்றைக்கு விஜியின் முகத்தைப் பார்க்க முடியாமல் பொன்னாத்தாள் சாப்பிடாமலே வந்துவிட்டாள். இனி ஏதாவது ஒரு கல்யாணத்தில் தன் முதுகுக்குப் பின்னாலும் ஒரு செல்போனைச் சுற்றித் தலைகள் கூடும், தானும் பாயசம் கேட்டுக்கொண்டிருப்போம் என்ற நினைப்பு அவளை விடவில்லை.

வாய்விட்டு ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"மூணாம் நாளு என்ன செய்வீக?"

"என்னத்தச் செய்ய? கால நீட்டித் தூங்க வேண்டியதுதான்."

சொன்ன வேகத்தில் மீசையைத் தடவிக்கொண்டார். இருபத்து மூன்று வருசமாக அந்த மீசையோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். அதற்கு மேல் கேட்டால் நம்பாதவள் என்று ஆகும். கேட்காவிட்டால் கேணச்சி என்று ஆகும். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. கார்த்திகை பிறக்கப் போகிறது. ஓவியாவின் பரீட்சைக்காக நேர்ந்துகொண்டதாகச் சொல்லி, அவரை ஐயப்பனுக்கு மாலை போடச் சொன்னாள். மாலை போட்டால் கறி மீன் இல்லை, குடி இல்லை, காலில் செருப்பு இல்லை. பெண் வாடையே இல்லை. அந்த ஊருக்கு மட்டும் விரதம் மாறிவிடவா போகிறது?

கோட்டைச்சாமி ஒரு நிமிசம் அவளைப் பார்த்தார். "போட்டாப் போச்சு," என்றார். அவர் புரிந்துகொண்டு சொன்னாரா, புரியாமல் சொன்னாரா என்பது இன்று வரை அவளுக்குத் தெரியாது.

குருசாமி சங்கிலியிடமும் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தாள். "வெளிநாடு போறது தப்பில்ல தாயி, விரதம் கெடாம இருந்தாச் சரி," என்றார் அவர். அவளுக்கு வேண்டியதும் அந்த வார்த்தைதான். கார்த்திகை முதல் தேதி துளசிமணி மாலை ஏறியது. அன்றில் இருந்து வீட்டில் அவருக்குப் பெயர் சாமி. சாமி சாப்பிட வாங்க, சாமி கடைச் சாவி இந்தா இருக்கு. பயணத்துக்காக வாங்கிய பூட்ஸ் பெட்டி பிரிக்காமல் பீரோ மேல் கிடந்தது. கூட வரப்போகிற கடைக்காரர்கள் கேலி செய்தார்கள். தங்கப்பாண்டியன் வீட்டுக்கே வந்து, "மதினி, பாங்காக்கில அன்னதானத்துக்குச் சொல்லிவச்சிருக்கோம்," என்று கண்ணைச் சிமிட்டினான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு மனசார வந்த சிரிப்பு அது. வெறுங்காலோடும் கறுப்பு வேட்டியோடும் விமானம் ஏறப்போகிற புருசனை நினைத்து நிம்மதியாகத் தூங்கினாள்.

பதினேழாம் தேதி காலை வருசநாட்டில் இருந்து போன் வந்தது. கருத்தக்கண்ணன் இறந்துவிட்டார். கோட்டைச்சாமிக்குப் பெரியப்பா மகன். ஒரு வரப்புத் தகராறில் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு முறிந்து பதினோரு வருசம் ஆயிற்று. அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று அன்றைக்கு ஒற்றைக்காலில் நின்றவளே பொன்னாத்தாள்தான்.

"பங்காளித் தீட்டு," என்றார் கோட்டைச்சாமி. "மாலையக் கழத்தணும்."

"அவுகளுக்கும் நமக்கும்தான் ஒண்ணுமே இல்லன்னு ஆயிருச்சே?"

அவர் சங்கிலிக்கு ஆள் அனுப்பினார். குருசாமி வந்து, சரணம் சொல்லி, மாலையைக் கழற்றி ஐயப்பன் படத்தில் தொங்கவிட்டார். பொன்னாத்தாள் அவரை வாசல் வரை விரட்டிப் போனாள்.

"வேற வழியே இல்லையா சாமி? பதினோரு வருசமாப் பேச்சு இல்ல."

"பேச்சு அத்துப்போனா ரத்தம் அத்துப்போகுமா தாயி? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. அடுத்த வருசம் போட்டுக்கிறட்டும்."

அவள் எதற்காகக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. எப்படிச் சொல்வது? ஐயப்பனைக் காவலுக்கு வைத்தேன் என்றா?

கோட்டைச்சாமி துட்டிக்குப் போய் நாள் முழுக்க அந்த வீட்டில் இருந்தார். கண்ணீர்கூட விட்டாராம். வந்து குளித்துவிட்டு, பீரோ மேல் இருந்து பூட்ஸ் பெட்டியை எடுத்தார். இரண்டு பூட்ஸையும் மாட்டி, அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்து பார்த்தார். புதுத் தோல் கீச்சுக் கீச்சென்றது.

"தீட்டோட பயணம் போகலாமா?" அவளிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"தீட்டெல்லாம் சாமி காரியத்துக்குத்தான். ஏரோப்ளேனுக்கு ஏது ஆத்தா தீட்டு?"

அவள் உட்கார்ந்து பெட்டி அடுக்கினாள். சட்டை நாலு, பேண்ட் மூன்று, சர்க்கரை மாத்திரை, சீப்பு. கறுப்பு வேட்டியை மடித்து அடியில் வைத்தாள். அவர் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் சென்ட் பாட்டிலை வைத்தார். கோபமாகச் செய்யவில்லை. இடம் பத்தவில்லை என்பதுபோலத்தான் செய்தார். அவர் கெட்டவர் இல்லை. அங்கே ஒன்றும் செய்யாமலேகூடத் திரும்பி வரலாம். ஆனால் அதை அவள் எப்படித் தெரிந்துகொள்வாள்? கேட்டால் தூங்கினேன் என்பார். தூங்கியிருந்தாலும் அதையேதான் சொல்வார்.

இருபதாம் தேதி காலை கம்பம் பஸ் ஸ்டாண்ட் முன்னால் கொச்சி போகிற வேன் நின்றது. அந்தப் பக்கம் சபரிமலை போகிற பஸ்ஸும் வேனுமாக ரோட்டை அடைத்துக் கிடந்தன. எல்லோருக்கும் குமுளி வழிதான். எங்கே பார்த்தாலும் கறுப்பு வேட்டி, நீல வேட்டி, டீக்கடையில் சரண கோசம். அதற்கு நடுவே கம்பெனி கொடுத்த மஞ்சள் பனியனோடு ஐந்தாறு பேர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தங்கப்பாண்டியன் விசில் அடித்தான். அதே மஞ்சள் பனியனில் கோட்டைச்சாமி ஆட்டோவில் இருந்து இறங்கி, "வரட்டா?" என்றார். "போயிட்டு வாங்க," என்றாள். அவர் பூட்ஸ் கீச்சிட நடந்தார்.

அப்போதுதான் ஆட்டோ சீட்டில் புளியோதரைப் பொட்டலம் கிடப்பதைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"சாமி!"

பதினாறு நாள் பழக்கம் நாக்கில் ஒட்டியிருந்தது.

"சாமி! சாமி!"

டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். பஸ் ஜன்னலில் தலைகள் திரும்பின. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். முன்பின் தெரியாத அத்தனை சாமிகளும் அவளைப் பார்த்தார்கள். மஞ்சள் பனியன் மட்டும் திரும்பாமல், குனிந்து வேனுக்குள் ஏறியது. கதவு சாத்திக்கொண்டது.

பக்கத்தில் நின்ற கறுப்பு வேட்டிக்காரர் ஒருவர், சாமிமாருக்கு அன்னம் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து, "சாமி சரணம்" என்று இரண்டு கைகளையும் ஏந்தினார். பொன்னாத்தாள் கொடுக்கப் போனவள், சட்டென்று பொட்டலத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"தீட்டு வீடு, சாமி."

அவர் தலையை ஆட்டி, ஏந்திய கைகளை மெதுவாக இறக்கிக்கொண்டார். வேன் நகர்ந்து, மலைக்குப் போகிற பஸ்களுக்குப் பின்னால் வரிசையில் சேர்ந்துகொண்டது.